கம்பை ஊன்றாமல் ஓடுவது கோழைத்தனமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. பாடசாலையில் கோலூன்றிப் பாய்தல் செய்கிறாள். பயிற்சியில் சுகமாகத் தாண்டுகிற உயரத்தை வலய மட்டப் போட்டியில் தாண்டவில்லை. குறுக்குத்தடியைத் தட்டி விழுத்தவும் இல்லை. வேகமாக ஓடி வந்தவள் கம்பை ஊன்றாமலே மெத்தைக்குப் பக்கத்தால் ஓடிப் போய்விட்டாள். மூன்று தரமும் அப்படித்தான். இப்போது பயிற்சியிலும் அதே கதை. உறவுக்காரர் "பயந்தாங்கொள்ளி" என்கிறார்கள். அவளோ, "டோக்கியோவில் சிமோன் பைல்ஸுக்கு நடந்ததுதான் எனக்கும்" என்று அழுகிறாள். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைக்கு நடப்பது எங்கள் பிள்ளைக்கும் நடக்குமா? நூறு தரம் செய்த வித்தை உடம்புக்கு எப்படி மறந்து போகும்?

– ஒரு தாய், அளவெட்டி

பதில்: அன்பான சகோதரிக்கு,

உங்கள் மகள் பாதிப் பதிலைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். பைல்ஸுக்கு நடந்ததும் இவளுக்கு நடப்பதும் அச்சொட்டாக ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். தனக்கு நடப்பதை இவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிற பிள்ளை இதிலிருந்து வெளியே வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

முதலில் அந்தப் "பயந்தாங்கொள்ளி" என்ற பேச்சைத் தீர்த்துவிடுவோம். 2021 யூலை 27, டோக்கியோவில் பெண்கள் அணிப் போட்டியின் இறுதிச் சுற்று. பைல்ஸ் முதலில் ஏறியது தாவுமேசைக்கு. ஓடி வந்து, நிலத்தில் கையூன்றித் திரும்பி விற்பலகையில் இறங்கி, முதுகுப்புறமாகப் பாய்ந்து மேசையைக் கைகளால் தள்ளி மேலே எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு, உடம்பை நேராக வைத்தபடி பின்பக்கமாக ஒரு கரணம். அந்த ஒரு கரணத்துக்குள்ளேயே தலை முதல் கால் வரையான அச்சில் இரண்டரைச் சுற்று. அன்று ஒன்றரைச் சுற்றோடு சுழற்சி நின்றுவிட்டது. ஆழமாகக் குந்தி இறங்கி, முன்னால் ஒரு பெரிய எட்டு வைத்துத்தான் விழாமல் தப்பினார். கிடைத்த புள்ளி 13.766. அத்தோடு அணிப் போட்டியிலிருந்து விலகினார். பிறகு தனிநபர் பல்திறன் போட்டியிலிருந்தும், மூன்று உபகரணங்களின் இறுதிப் போட்டிகளிலிருந்தும் விலகினார். உலகம் முழுக்கப் பலர் அவரையும் கோழை என்றார்கள்.

ஆனால் ஒரு வாரம் கழித்து, ஓகஸ்ட் 3 அன்று, அதே பைல்ஸ் சமநிலைச் சட்டத்தில் ஏறினார். அதன் அகலம் 10 சென்ரிமீற்றர். தரையிலிருந்து 1.25 மீற்றர் உயரம். அதன்மேல் குட்டிக்கரணம் அடித்து வெண்கலமும் எடுத்தார். பயந்து ஒளிந்தவர் அங்கே ஏறுவாரா? அவர் விலக்கியது ஒன்றே ஒன்றைத்தான்: கரணத்தோடு சேர்ந்த சுழற்சி. சட்டத்திலிருந்து இறங்கும்போது கூட, சுழற்சி இல்லாத இரட்டைக் கரணம் ஒன்றைத் தெரிந்தெடுத்து இறங்கினார். பொதுவான பயம் என்றால் எல்லாவற்றையும் தொட்டிருக்கும். குறிப்பிட்ட ஓர் அசைவு மட்டும் தவறுகிறது என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இதை ஜிம்னாஸ்டிக் உலகில் "ட்விஸ்டீஸ்" என்கிறார்கள். ஆகாயத்தில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது, தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வு திடீரென்று அறுந்து போவதுதான் அது.

அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று உட்காதில் உள்ள அரைவட்டக் கால்வாய்கள், அதாவது திரவம் நிரம்பிய மூன்று சிறு குழாய்கள். தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து திருப்பத்தை அறிவிக்கும். இரண்டாவது கண். மூன்றாவது தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். கண்ணை மூடிக்கொண்டும் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று தெரிவது இவற்றால்தான். ஆனால் தாவுமேசையிலிருந்து எழும்பித் தரையில் இறங்க ஏறத்தாழ ஒரு நொடிதான் இருக்கிறது. செய்தி வந்து சேர்ந்து, யோசித்து, கட்டளை போட நேரம் கிடையாது. ஆயிரக்கணக்கான தரம் செய்து பழகிய மூளை, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கணித்துவிடுகிறது. அசைவை வழிநடத்துவது அந்தக் கணிப்புத்தான். சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆகவே உடம்புக்கு எதுவும் மறந்து போவதில்லை. தசையும் பலமும் அப்படியே இருக்கின்றன. கணிப்பின் மேல் இருந்த நம்பிக்கைதான் குலைகிறது.

இனி உங்கள் மகளின் ஓடுபாதைக்கு வருவோம். கோலூன்றிப் பாய்தலில் சிக்கலான இடம் கடைசி இரண்டு மூன்று காலடிகள். இடுப்பளவில் இருந்த கம்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே, அதன் நுனியை 20 சென்ரிமீற்றர் ஆழமான பெட்டிக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரத்தில் கால் சரியான இடத்தில் மிதிக்க வேண்டும். அரை அடி உள்ளே மிதித்தால் கம்பு தோளைப் பிடித்து உலுக்கிவிடும். சோளகம் எதிர்த்து வீசுகிற ஒரு பின்னேரம் அடி பிசகி அப்படி ஓர் உலுக்கு வாங்கியிருந்தால் போதும். பிள்ளை அதை மறந்திருப்பாள், மூளை மறக்காது. அடுத்த தரம் அந்த இடம் வரும்போது "அடி சரியா?" என்று சோதிக்கத் தொடங்கும். ஐயம் வந்தால் கையைத் தூக்க விடாது. பல வீரர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ஊன்றாமல் ஓடிய பிறகுதான் ஊன்றவில்லை என்பதே தங்களுக்குத் தெரிந்ததாம்.

முதலில் பயிற்சியில் வராத இந்தச் சோதனை போட்டியில் ஏன் வந்தது? அழுத்தம் கவனத்தை உள்ளே திருப்புவதால்தான். கோவில் திருவிழாவில் தவில் வாசிக்கிறவர், எந்த விரல் எப்போது விழுகிறது என்று தன் விரல்களையே பார்க்கத் தொடங்கினால் தாளம் இடறும். தானாக ஓடுகிற வேலையைத் துண்டு துண்டாக மேற்பார்வை பார்க்கப் போனால் அது தடுமாறும். சியான் பைலொக், தோமஸ் கார் என்ற இரு உளவியலாளர்கள் 2001இல் கோல்ப் பந்தைக் குழிக்குள் தட்டுகிற வேலையை வைத்து இதைச் சோதித்தார்கள். அழுத்தம் ஏறியதும் பழகிய கை தடுமாறியது. ஆனால் ஒரு குழு மட்டும் தப்பியது. பழகும்போதே கமராவால் படம் பிடிக்கப்பட்டு, பிறர் பார்வைக்குப் பழகியிருந்த குழு அது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

பைல்ஸ் சுமந்த பாரம் எங்கள் வலய மட்டப் போட்டியோடு ஒப்பிட முடியாதது. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப் போயிருந்தது. நோய்த்தொற்றுக் காலம் என்பதால் அரங்கில் பார்வையாளர் இல்லை, வீட்டார் அருகில் இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊர் பார்க்க ஓடுவது சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். அவளுக்கு அதுதான் ஒலிம்பிக்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பயப்படாமல் பாய்" என்று கத்துகிற பெரியவர்கள் இதை அறிய வேண்டும். 1978இல் உலகச் சம்பியனான சோவியத் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை எலீனா முகீனா, 1979இல் கால் முறிந்து, அது முழுதாகத் தேறமுதலே மொஸ்கோ ஒலிம்பிக்குக்காக மீண்டும் கடும் பயிற்சியில் இறக்கப்பட்டார். கரணமும் சுழற்சியும் சேர்ந்து, கழுத்து நிலத்தை நோக்கி வருகிற ஓர் ஆபத்தான வித்தையை அவர் பழக வேண்டியிருந்தது. தன் உடம்பு அதற்குத் தயாரில்லை என்று அவருக்குத் தெரியும். பயிற்சியாளர்களிடம் சொல்லியும் இருக்கிறார். 1980 யூலை 3, ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில், மின்ஸ்கில் பயிற்சியின்போது கழுத்து முறிந்தது. கையும் காலும் இயங்காமல் 2006இல் இறக்கும் வரை வாழ்ந்தார். பின்னர் அந்த வித்தை பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது. "எனக்கு இன்று சரிவராது" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் அதைச் சோம்பேறித்தனமாக எடுப்பதில்லை. அரைமனதோடு கம்பை ஊன்றுகிறவருக்கே கூடுதலாக அடிபடும். கம்பு வளைந்த பிறகு நடுவில் மனதை மாற்றினால் அது ஆளை எங்கே எறியும் என்று சொல்ல முடியாது.

மனத் தயார்நிலை என்பது பயமில்லாத நிலை அல்ல. திரிபுராவின் அகர்தலாவில் வளர்ந்த இந்திய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை தீபா கர்மாக்கர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தாவுமேசையில் "புரோதுனோவா" பாய்ந்தார். கையூன்றி எழும்பி, முன்பக்கமாக இரட்டைக் கரணம் அடித்து இறங்குகிற, உலகில் மிகச் சிலரே தொட்ட பாய்ச்சல் அது. 15.066 புள்ளியோடு நான்காம் இடம், வெண்கலத்துக்கு 0.150 மட்டுமே குறைவு. அவர் அதை ரியோவில் துணிந்து முதன்முதலாகச் செய்யவில்லை. 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டிலேயே அதைப் பாய்ந்து வெண்கலம் எடுத்திருந்தார். இப்படியான பாய்ச்சல்களை முதலில் பஞ்சுக் குழியில், பிறகு தடித்த மெத்தையில், பிறகுதான் போட்டி மெத்தையில் இறங்கிப் பழகுவார்கள். துணிச்சல் அந்தப் படிகளால் கட்டப்படுகிறது. எங்கள் நாட்டின் மில்கா கெஹானி, ஒலிம்பிக்குக்குப் போன முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாக டோக்கியோவில் இறங்கியதற்குப் பின்னாலும் பல வருடப் படிகள் உண்டு. தூரம் போவானேன், உங்கள் ஊருக்குப் பக்கத்தில், தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரனைப் பாருங்கள். 2016இல் துரையப்பா விளையாட்டரங்கில் நடந்த தேசிய விளையாட்டு விழாவில் கோலூன்றிப் பாய்தலில் 3.41 மீற்றர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அதையும் பிறகு தானே முறியடித்தார்.

ஆகவே உங்கள் மகளும் படி இறங்கி ஏறட்டும். மனதைத் தொடமுதல் நாடாவைப் பிடித்து ஓட்டத் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். பதினாறு வயதில் உயரமும் நிறையும் மாறும். போன வருட அடையாளம் இந்த வருடக் காலுக்குப் பொருந்தாது. கம்பையும் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ நிறையுள்ளவருக்கு என்று கம்பிலேயே குறித்திருப்பார்கள். பல பாடசாலைகளில் இருக்கிற ஒன்றிரண்டு கம்பையே எல்லாரும் மாறி மாறிப் பிடிக்கிறார்கள். தன் நிறைக்கு மிஞ்சிய விறைப்பான கம்பைப் பிடித்த பிள்ளை ஊன்ற மறுத்தால், பிழை பிள்ளையில் இல்லை.

பிறகு குறுக்குத்தடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு காலடி ஓட்டத்தோடு, கையைத் தாழப் பிடித்து, மெத்தையில் போய் விழுவது மட்டும். உயரம் பற்றிய பேச்சே வேண்டாம். அது அலுத்துப்போகிற அளவுக்குச் சுகமான பிறகு இரண்டு காலடி கூட்டலாம். பைல்ஸும் அப்படித்தான் அடிப்படைக்குப் போனார். உளவள ஆலோசகரிடம் ஒழுங்காகப் போய்வந்தார். இரண்டு வருடம் கழித்து 2023இல் போட்டிக்குத் திரும்பி, 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்தார். அவசரப்படுத்தி வராத விஷயம் இது.

குறைந்த ஓட்டத்தில் நம்பிக்கை வந்ததும் அந்தக் கமராவை எடுங்கள். போனில் படம் பிடியுங்கள். தோழிகளைச் சுற்றி நிற்கவிட்டுப் பாய விடுங்கள். பார்வை பழகட்டும். ஓடமுதல் ஒரே ஒரு சொல்லை மனதில் வைத்திருக்கச் சொல்லுங்கள், "கை மேலே" என்பது போல. ஐந்து அறிவுரையோடு ஓடினால் ஐந்தையும் சோதித்துக்கொண்டே ஓடுவாள். ஓடுபாதை ஓரத்தில் நின்று "விடாதே, பாய்!" என்று கத்துகிற உறவினரை அன்போடு பந்தலுக்குள் அனுப்பிவிடுங்கள்.

விதியிலும் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது, பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. மூன்று பேருக்கு மேல் போட்டியில் இருக்கும்போது ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம் தருவார்கள். ஓடி வந்து சரிவரவில்லை என்றால், பெட்டியின் பின்விளிம்பை ஒட்டிய வெள்ளைக்கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் அது தவறிய முயற்சி அல்ல. நேரம் மிச்சமிருந்தால் திரும்பிப் போய் மறுபடி ஓடலாம். அந்தக் கோட்டுக்கு அப்பால் நிலத்தையோ மெத்தையையோ தொட்டால்தான் தவறு. மெத்தைக்குப் பக்கத்தால் ஓடியதால்தான் அவளுக்கு மூன்று முயற்சியும் போயிருக்கின்றன. நிற்கவும் பழக்குங்கள். நின்றுவிடலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு ஓடுவதும் இலகு.

அண்மையில் தலையில் அடி ஏதும் பட்டதா, காது வலி, தலைச்சுற்று உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காமல் முதலில் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.