கூடத்தில் இருந்த டிவி கைக்குள் போனபோது



"எங்க வீட்டுப் பிள்ளைங்க இப்பல்லாம் டிவி பாக்குறதே இல்லை" என்று தாய்மார்கள் பலர் நம்மிடம் நிம்மதியோடு சொல்கிறார்கள். உண்மைதான். கூடத்து டிவி அணைந்து கிடக்கிறது; கேபிள் இணைப்பைக்கூடச் சில வீடுகளில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே பிள்ளை அடுத்த அறையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்ப்பது நிற்கவில்லை, பார்க்கும் இடம்தான் மாறியிருக்கிறது. இதில் நாம் இழந்தது என்ன, அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தெருவுக்கு ஒரு பெட்டி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம் டெல்டா ஊர்களில் டிவி பரவியது 1980களில்தான். தெருவில் யாரோ ஒரு சபராளி வீட்டில் பெட்டி இருக்கும். மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் "தெரியுது, தெரியலை" என்று குரல் கொடுப்பார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் அந்த வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 2006ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்தது. 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. பெட்டி இல்லாத வீடே அரிது என்றானது. டிவியைக் கண்டித்து அன்று எத்தனை பயான்கள் கேட்டோம்! அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியிடம் இரண்டு நல்ல குணங்களும் இருந்தன. அவை போன பிறகுதான் நமக்குத் தெரிகின்றன.

ஒன்று, அதற்கு ஒரு முடிவு இருந்தது. நிகழ்ச்சி முடிந்தால் பிள்ளை எழுந்தாக வேண்டும். மற்றொன்று, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். தகாத காட்சி வந்தால் அத்தா சேனலை மாற்றுவார். பயமான காட்சி வந்தால் பிள்ளை நன்னியின் மடியில் முகம் புதைக்கும். ரமலானில் சஹர் நேர நிகழ்ச்சியையும் வீடு மொத்தமும் சேர்ந்தே பார்த்தது.

கைக்கு வந்த திரை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. 2020ல் கொரோனா வந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019லேயே தொடங்கியிருந்தாலும், ஆன்லைன் வகுப்புக்கென்று பல வீடுகளில் பிள்ளைக்குத் தனி செல்போன் வாங்கினோம். பள்ளி திறந்தது, செல்போன் திரும்பி வரவில்லை. அதே 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. சில மாதங்களுக்குள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கிரிக்கெட் ஆட்டத்துக்குக்கூட இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடிச் சத்தம் போட்டுப் பார்ப்பார்கள். 2023ல் ஐபிஎல் ஆட்டங்களைச் செல்போனில் கட்டணமின்றிக் காட்டினார்கள். இப்போது ஒரே திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்து நான்கு செல்போனில் பார்க்கிறார்கள்.

செல்போனில் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. கணக்குப் பாடம், தையல், தஜ்வீத் என்று அதில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது இயங்கும் விதத்தைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். டிவியில் அடுத்த நிகழ்ச்சி எது என்பதைச் சேனல்காரர் ஊருக்கெல்லாம் பொதுவாக முடிவு செய்தார். செல்போனில், பிள்ளை எந்தக் காணொளியில் எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்கிட்டு, அது போலவே அடுத்ததை ஒரு கணினி நிரல் எடுத்துக் கொடுக்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். அதனால் 'முடிந்தது, எழுந்து போ' என்று அது ஒருநாளும் சொல்லாது.

ஒரு தாய் சொன்னது

நம் பகுதித் தாய் ஒருவர் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் திடீரென்று தனியாகப் படுக்க மறுத்தான். பஜ்ருக்குப் பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளை, இருட்டில் வாசலைத் தாண்டப் பயந்தான். ஓதிப் பார்த்தார்கள், மருத்துவரிடமும் காட்டினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது: இரவில் போர்வைக்குள் விபத்துக் காட்சிகளையும் பேய்க் காணொளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்திருக்கிறான். முதல் ஒன்று தானாக வந்தது. அதில் அவன் அதிர்ந்து நின்றதையே விருப்பம் என்று எடுத்துக்கொண்டு, அது போன்றவையே தொடர்ந்து வந்திருக்கின்றன.

"ஏம்பா அம்மாகிட்ட சொல்லலை?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் நம்மை உலுக்கியது: "சொன்னா போனைப் புடுங்கிடுவீங்க. அப்புறம் அத்தாகிட்ட எப்படிப் பேசுறது?"

பயந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நம் கண்டிப்புக்கு அஞ்சி அது வாயையும் மூடிக்கொண்டது. பிள்ளை தகாததைப் பார்த்துவிடுமோ என்றுதான் நாம் கவலைப்படுகிறோம். பார்த்ததை நம்மிடம் சொல்லாமல் போவது அதைவிடப் பெரிய இழப்பு.

என்ன செய்யலாம்?

செல்போனைப் பிடுங்குவது நடக்கிற காரியமல்ல. சபரில் இருக்கும் தகப்பனின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதில்தான். போன இரண்டு குணங்களை, அதாவது முடிவையும் பக்கத்து ஆளையும், வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவருவதே வழி.

1. இஷாவுக்குப் பிறகு ஒரு நேரம் குறித்து, வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களையும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போடுங்கள். எல்லாம் என்றால் அத்தா, அம்மாவின் செல்போனும் சேர்த்துத்தான். நாம் படுக்கையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே பிள்ளைக்குப் புத்தி சொன்னால் அது ஏறாது.

2. பிள்ளைக்குச் சரியான வயதைக் குறிப்பிட்டுத் தனிக் கணக்கு தொடங்குங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அதை வைத்து அவர்களுக்கு விளம்பரம் காட்டுவதையும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்க வகை செய்கிறது. ஆனால் பிள்ளை அத்தாவின் கணக்கில் பார்த்தால், நிறுவனத்தின் பார்வையில் அது நாற்பது வயது ஆள். சிறு பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸும், நேரத்தை வரையறுக்க கூகுளின் ஃபேமிலி லிங்கும் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. யூடியூப் அமைப்பில் 'ஆட்டோபிளே' என்பதை அணைத்துவிடுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது. ஷார்ட்ஸை விரலால் தள்ளுவதை இது தடுக்காது. அதற்கு நேர வரையறைதான் வழி.

4. வாரத்தில் ஒரு நாளாவது கூடத்துப் பெரிய திரையில் சேர்ந்து பாருங்கள். எதைப் பார்ப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதன் ரசனை என்ன என்று நமக்கும் தெரியவரும்.

5. சோறு ஊட்டும்போது செல்போன் காட்டும் பழக்கத்தை விடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் அறிவுறுத்தியது.

6. பிள்ளையிடம் வாக்குக் கொடுங்கள்: "நீ எதைப் பார்த்துப் பயந்தாலும், யார் தப்பாகப் பேசினாலும் எங்களிடம் சொல். அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். யாரேனும் பிள்ளையை மிரட்டினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

இந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேற்று பார்த்ததில் உனக்குப் பிடித்தது எது? பார்த்துப் பயந்தது அல்லது புரியாதது ஏதாவது உண்டா? நீயாகத் தேடிப் பார்த்தது எது, தானாக வந்தது எது? பதில் சொல்லும்போது இடையில் திட்டாமல் கடைசிவரை கேளுங்கள். பிறகு அதே கேள்விகளைப் பிள்ளைகள் நம்மிடமும் கேட்கட்டும்.

அந்தத் தாய் இப்போது மகனின் படுக்கையைத் தன் அறைக்கே மாற்றியிருக்கிறார். இரவில் செல்போன் கூடத்து அலமாரியில் இருக்கிறது. தகப்பனோடு பேசும் நேரத்தை மஃரிபுக்குப் பின் என்று மூவரும் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். பையன் மறுபடி பஜ்ருக்கு வருகிறான். இப்போதைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு. அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகள் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அவர்கள் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் நாம் இருக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.