வெறுமையான அறையும் உம்மம்மாவின் லாம்பும்

‘மினிமலிசம்’ என்னும் சொல்லை இன்று நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். தேவையான பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதி இடத்தை வெறுமையாக விடும் முறையே அது. தமிழில் இதனை எளிமைப் பாணி எனலாம். வெள்ளைச் சுவர், குறைந்த தளபாடம், நிறைந்த வெளிச்சம் ஆகியன இதன் அடையாளங்கள்.

இது முழுவதும் புதியதன்று. யப்பானியரின் மரபு வீடுகளில் ‘தொகொனோமா’ என்றொரு மாடம் உண்டு. அதில் ஓர் ஓவியச்சுருளும் ஒரு பூச்சாடியுமே இருக்கும். பருவத்துக்கேற்ப அவற்றை மாற்றுவார்கள். எமது யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் நடுவே திறந்த முற்றம் இருக்கும். காற்றும் வெளிச்சமும் அதனூடாகவே வரும். காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் படுத்த இடமே இருக்கும் இடமாகிவிடும்.

ஆனால், எளிமை மட்டும் போதுமா? பொருள்கள் எதுவுமற்ற அறை, யாரும் குடிவராத வீட்டைப்போலத் தோன்றுமல்லவா? இதற்கு நல்ல விடை தந்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003). 1958இல் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளுள் ஒன்றில் குடியேறிய அவர், காலப்போக்கில் நான்கையும் ஒன்றாக இணைத்தார். அங்கே சுவர்கள் வெண்மையானவை. இடையிடையே வானம் தெரியும் சிறு முற்றங்கள் உண்டு. அந்த வெண்மையின் நடுவே பழைய மரத்தூண்களும் கதவுகளும் நண்பர்களின் கலைப்படைப்புகளும் இடம்பெற்றன. பின்னணி அமைதியாக இருப்பதால் ஒவ்வொரு பொருளும் தனித்துத் தெரிகிறது. எளிமையையும் சொந்த விருப்பத்தையும் இணைக்கும் வழி இதுவே.

இதை நான் வீட்டில்தான் படித்தேன். வாப்பாவின் தொழில் காரணமாக நாங்கள் தெல்லிப்பழையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். உயர்தரப் படிப்புக்காக எனக்கு ஓர் அறை கிடைத்தது. அதில் பாதியை உம்மம்மாவின் சாமான்கள் பிடித்திருந்தன. வெற்றுப் போத்தல்கள், ஐஸ்கிறீம் பெட்டிகள், பழைய துணிகள், ஓர் அரிக்கன் லாம்பு. “இதெல்லாம் எதற்கு, எறிவோம்” என்றேன். உம்மம்மா பதில் சொல்லாமல் லாம்பை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு உம்மாதான் விளக்கினார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டியிருந்தது. வெறுங்கையோடு புத்தளம் போன உம்மம்மா, அங்கே ஓலைக் கொட்டிலில் முதன்முதலாக வாங்கிய பொருள் அந்த லாம்பு. எனக்கு அழகாகத் தெரிந்த வெறுமை, எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவருக்குப் பயமாக இருந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும் அதே 1990இல் இடம்பெயர்ந்தவர். பல வருடங்களுக்குப் பின் திரும்பி வந்தபோது வளவில் மிஞ்சியிருந்தது அம்மிக்கல் ஒன்றுதான். புதிதாகக் கட்டிய வீட்டின் விறாந்தையில் அந்தக் கல்லை வைத்து, அதன்மேல் ஒரு பூச்செடியும் வைத்திருக்கிறார். வேறு அலங்காரம் எதுவும் அங்கில்லை.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட முறை இது. முதலில் சாமான்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தினமும் பாவிப்பவை, நினைவுக்குரியவை, இரண்டிலும் சேராதவை. மூன்றாவதைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம். பின்னர் சுவருக்கு ஒரே மென்மையான நிறம் பூச வேண்டும். நினைவுப் பொருள்களை அறை முழுவதும் பரப்பாமல் ஒரு தட்டில் சேர்த்து வைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் தொகொனோமாவில் செய்வதுபோல மாற்றி மாற்றி வைக்கலாம். தொழுகைப் பாய் விரிக்கும் அளவுக்காவது நிலம் வெறுமையாக இருக்கட்டும். முக்கியமாக, இன்னொருவருடைய பொருளை அவரைக் கேட்காமல் எறியக்கூடாது.

நானும் உம்மம்மாவும் இரண்டு நாள்கள் ஒன்றாக இருந்து தெரிந்தெடுத்தோம். போத்தல்களையும் பெட்டிகளையும் அவரே கொடுத்துவிட்டார். இப்போது என் மேசைக்கு மேலுள்ள தட்டில் லாம்பு மட்டும் நிற்கிறது. அதைத் துடைத்து வைத்த அன்று, “இனி இதை விட்டுட்டு ஓடத் தேவையில்லைதானே, மகள்?” என்று கேட்டார் உம்மம்மா.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் எங்காவது மூலையில் கிடக்கக்கூடும். அதன் கதையை முதலில் கேளுங்கள். அதன் பிறகு அதற்குரிய இடத்தைத் தேடுங்கள்.