வலிப்பு நோய்க்கு முன்னோர் தேடிய மூலிகைகள்

நம் ஊர்களில் காக்காய் வலிப்பு என்று வழங்கும் நோயின் பெயரைச் சொல்லும்போதே பலர் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றனர். வீட்டில் ஒரு பெண்ணுக்கு இந்நோய் இருந்தால், அண்டை வீட்டாரும் அறியாதபடி மறைப்போர் உண்டு. இந்த அச்சம் மிகப் பழையது. பண்டைக் கிரேக்கர் இதைத் தெய்வீக நோய் என்றனர். உரோமையில் மக்கள் மன்றம் கூடியிருக்கையில் எவரேனும் வலிப்பு வந்து விழுந்தால் மன்றம் கலைக்கப்படும். ஆனால் ஹிப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும், ஏறத்தாழ கி.மு. 400-ஐச் சேர்ந்த ஒரு நூல், இந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானது அன்று, மூளையிலிருந்தே எழுகிறது என்று துணிந்து கூறிற்று.

காரணம் ஓரளவு தெரிந்தும் மருந்து தெரியவில்லை. புனித மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், நுரைதள்ளி, பல்லைக் கடித்து, விறைத்துப்போகும் மகனை இயேசுவிடம் கொண்டுவரும் தந்தையை நாம் அறிவோம். தீயிலும் நீரிலும் விழுந்த பிள்ளை அவன். அத்தகைய பெற்றோர் எந்த வேரைத்தான் நாடமாட்டார்கள்?

அவ்வாறு நாடிய வேர்களுள் முதன்மையானது பியோனி என்னும் பூச்செடியின் வேர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமையில் புகழ்பெற்ற மருத்துவர் கேலன் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியுள்ளார். அவன் கழுத்தில் இவ்வேரைக் கட்டியபின் எட்டு மாதம் வலிப்பு வரவில்லை. ஒருநாள் வேர் தவறி விழ, வலிப்பு வந்தது. மீண்டும் கட்ட, நின்றது. கேலன் சோதிக்க விரும்பித் தாமே அதை அகற்றினார், வலிப்பு திரும்பியது! வேரின் நுண்துகள்கள் மூச்சோடு உட்செல்கின்றன என்பது அவர் கருதிய விளக்கங்களுள் ஒன்று. மந்திரம் என்று விட்டுவிடாமல் காரணம் தேடிய அவரை நாம் மதிக்கவே வேண்டும். எனினும், ஒரே ஒரு சிறுவனை வைத்துத் தீர்ப்புக் கூற இயலாது. வலிப்பு தானாகவே மாதக்கணக்கில் வராதிருப்பதும் உண்டு.

நம் தெருக்களில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இது போன்றதே. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கிவிடும்; புகழ் இரும்புக்குப் போகிறது. நாம் செய்யவேண்டியது, அடிபடாமல் காத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் நுழைக்காதிருப்பதே. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஐரோப்பியப் புல்லுருவியின் கதை வேடிக்கையானது. மரக்கிளையில் ஒட்டி வளரும் அச்செடி ஒருபோதும் தரையில் விழுவதில்லை. ஆகவே விழும் நோயை அது தடுக்கும் என எண்ணினர்! 1719-இல் இலண்டன் மருத்துவர் ஜான் கோல்பாட்ச் இதைப் புகழ்ந்து தனி நூலே எழுதினார். (பிப்ரவரி 14-இல் வாழ்த்து அட்டை வாங்குவோர் பலர் அறியாத செய்தி: புனித வாலெண்டைன் வலிப்பு நோயாளரின் பாதுகாவலராகவும் போற்றப்படுகிறார்.)

நேப்பிள்சைச் சேர்ந்த ஃபாபியோ கொலோனாவோ தாமே ஒரு நோயாளி. தம் வலிப்புக்கு மருந்து தேடிப் பழங்காலக் கிரேக்க மருந்து நூலை ஆராய்ந்தவர், அதில் கூறப்பட்ட ஒரு செடி வலேரியன்தான் என்று முடிவுசெய்து, அதன் வேரை உட்கொண்டு குணம் கண்டதாக எழுதினார். 1592-இல் அவர் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவர்கள் இவ்வேரை நம்பினர். ஆயினும் உறுதியான பயன்தந்த மருந்துகள் பின்னரே வந்தன: 1857-இல் புரோமைடு, 1912-இல் ஃபீனோபார்பிட்டால், 1938-இல் ஃபெனிட்டாயின்.

வலேரியனின் பெயர் மட்டும் மறையவில்லை. அவ்வேரிலுள்ள ஓர் அமிலத்திற்கு வலேரிக் அமிலம் என்று பெயர். அதற்கு உறவான வால்புரோயிக் அமிலம் 1882-இல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டு, வெறும் கரைப்பானாகவே பயன்பட்டு வந்தது. 1962-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியேர் எய்மார் என்னும் மாணவர் வேறு பொருள்களை அதில் கரைத்துச் சோதித்தபோது, எல்லாமே வலிப்பைத் தடுத்தன! கரைப்பானே மருந்து என்பது அப்போது புலப்பட்டது. 1967-இல் அது பிரான்சில் விற்பனைக்கு வந்தது. இன்றும் பயன்படும் அம்மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், பெண்களுக்கு அதைத் தர மருத்துவர்கள் மிகவும் தயங்குகின்றனர். ஆனால் அதனை உண்டுவரும் பெண், எவரோ சொன்ன வேரை நம்பியோ அச்சத்தாலோ திடீரென நிறுத்திவிட்டால், விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே நடைபெற வேண்டும்.