எதை முதலில் மாற்றுவது? முடிச்சூர் ஃபோர் பை ஃபோர்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஏதோ ஒரு ஃபோர் பை ஃபோர் வண்டியை வாங்கி முடிச்சூர் வீட்டு வாசலில் நிறுத்திய வாரத்திலேயே கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் ஒரே மதியத்தில் இரும்பு பம்பர், எல்.இ.டி. பார், ரூஃப் கேரியர் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மணலில் சிக்கும்போது இவற்றில் ஒன்றுகூட உதவாது. எல்லாம் சேர்ந்து எடையைக் கூட்டி, வண்டியை இன்னும் ஆழமாகப் புதைக்கும்.

அதனால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வண்டி எங்கே, எதனால் நிற்கிறதோ, அதைத் தீர்க்க மட்டும் காசு செலவழியுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: வண்டி எங்கெல்லாம் போகப்போகிறது?

முடிச்சூரில் இருக்கும் வண்டிக்கு மூன்று வேலைகள். வார நாட்களில் தாம்பரம்–முடிச்சூர் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் ஆபீஸ் ஓட்டம். விடுமுறையில் செங்கல்பட்டைத் தாண்டி ஜவ்வாது மலைப் பக்கத்துக் கல்பாதை, அல்லது மணலும் சேறுமான கிராமத்து வண்டிப்பாதை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர். ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதி, மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் எதில் போகும் என்று குறியுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலையாகத்தான் இருக்கும். நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் அந்த ஒன்பது பங்கைக் கெடுக்கக் கூடாது. ஈரமான ஜி.எஸ்.டி. சாலையில் பிரேக் பிடிக்க வேண்டிய வண்டி இது.

படி 2: கம்பெனி கொடுத்ததை முழுசாகப் பழகுங்கள்

2020-ல் வந்த தாருக்குத் தரை இடைவெளி 226 மி.மீ. முன்பக்கம் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், பின்பக்கம் முழு ஆக்சில். மேல் வேரியன்ட்களில் பின் டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு 210 மி.மீ.; முன்னும் பின்னும் முழு ஆக்சில்; எடை சுமார் 1,200 கிலோதான். கூர்க்காவில் இரு டிஃபரன்ஷியல்களையும் கையால் பூட்டலாம், ஸ்நார்க்கெலும் கம்பெனியிலேயே வருகிறது. மூன்றும் லேடர் சட்டத்தின் மேல் கட்டியவை. தாரின் பொறியியல் வேலை நடந்த மஹிந்திரா ரிசர்ச் வேலி, செங்கல்பட்டுக்கு முன்னால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது. அங்கே செய்த சோதனைகளின் பலன் தாருக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

அனுமதி உள்ள காலி மண் நிலம் ஒன்றில் இவற்றைப் பழகுங்கள்:

1. ஃபோர் ஹை, ஃபோர் லோ மாற்றுவது. லோவுக்குப் போகும்போது வண்டி நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

2. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டாமல் இருப்பது. இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டியிருப்பதால் முறுக்கம் ஏறி, கியர்களும் ஷாஃப்ட்டும் தேயும்.

3. குறுக்கு மூலைச் சக்கரங்கள் இரண்டும் பிடி இழந்து சுற்றும்போது காலை எடுக்காமல் சீராக ஆக்சிலரேட்டரைப் பிடித்திருப்பது. பிரேக் வழியாக வேலை செய்யும் டிராக்ஷன் அமைப்புக்குச் சக்கரம் சற்றுச் சுற்றினால்தான் விஷயம் புரியும். பயந்து காலை எடுப்பவர்கள்தான் "வண்டி ஏறலை" என்று சொல்லி லிஃப்ட் கிட் தேடுகிறார்கள்.

4. லோவில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கை நம்பாமல் இறக்கத்தில் இறங்குவது.

இதைப் பழகி முடிக்கும் வரை எதையும் வாங்காதீர்கள். எங்கே அடிபட்டது, எங்கே நின்றது என்று எழுதி வையுங்கள். உங்கள் உண்மையான பொருள் பட்டியல் அதுதான்.

படி 3: சட்டத்தின் கோடு எங்கே?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ(4) பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் நியாயமானது. அது நடந்துபோகிறவரின் உடலைப் பிளக்கும். மோதலின் வேகத்தை உள்வாங்க வேண்டிய முன்பகுதி தன் வேலையைச் செய்ய முடியாமல், ஏர்பேக் விரியும் நேரமும் தவறக்கூடும். முடிச்சூர் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்பி நமக்கு வேண்டாம்.

எதை மாட்டுவதற்கு முன்னாலும் மூன்று பேரிடம் கேளுங்கள். டிஎன் 11 வண்டி என்றால் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகம்; வாரன்டி பற்றிச் சர்வீஸ் சென்டர்; பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியின் சொந்த அக்செசரி பட்டியலில் இருக்கும் பொருளுக்கு எப்போதும் முதலிடம் கொடுங்கள்.

படி 4: முதல் செலவு, மீட்புக் கருவிகள்

சிக்கிக்கொள்ளாத ஃபோர் பை ஃபோர் கிடையாது. வெளியே வரத் தெரிய வேண்டும். முதல் பணம் இங்கே போகட்டும்.

- முன்னும் பின்னும் வண்டியின் லேடர் சட்டத்தோடு போல்ட் செய்த மீட்புக் கொக்கி. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கான வளையத்தை இழுப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. எது எது என்று மேனுவலில் பாருங்கள். டிரெய்லர் குண்டில் கயிறு மாட்டி இழுப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். அது பிய்ந்து பறந்து உலகெங்கும் உயிர்களைக் குடித்திருக்கிறது.
- நீண்டு சுருங்கும் கைனடிக் கயிறு ஒன்று. அறுபடும் திறன் வண்டி எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்க வேண்டும். சங்கிலி வேண்டவே வேண்டாம்.
- முக்கால் அங்குல போ ஷாக்கிள் இரண்டு, 4.75 டன் என்று பொறித்தவை.
- மண்வெட்டி, ஒரு ஜோடி டிராக்ஷன் போர்டு, தடித்த கையுறை.
- இழுக்கும்போது கயிற்றின் நடுவில் போட ஒரு கனமான ஈரச் சாக்கு. கயிறு அறுந்தால் அதன் வேகத்தை இது அடக்கும்.

இழுக்கும் நேரத்தில், கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. பார்க்கக் கூடும் பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

படி 5: காற்றும் டயரும்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பிரஷர் கேஜும், பேட்டரியில் கிளிப் மாட்டி ஓடும் நல்ல கம்ப்ரஸரும் சேர்ந்து செய்யும் வேலையை வேறு எந்த மாற்றமும் செய்யாது. காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து அதிக மண்ணைப் பிடிக்கும். கல்பாதைக்கு 22 முதல் 25 பி.எஸ்.ஐ., மணலுக்கு 16 முதல் 18 வரை இறக்குங்கள். 15-க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. இறக்கிய காற்றோடு வேகம் வேண்டாம். தார்ச்சாலை வந்ததும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

பழைய டயர் தேய்ந்த பிறகு ஆல் டெரெய்ன் வகைக்கு மாறலாம். மட் டெரெய்ன் வேண்டாம். அதன் பெரிய கட்டிகள் ஈரச் சாலையில் பிரேக் தூரத்தைக் கூட்டும், தினமும் காதைத் துளைக்கும். மண்ணிவாக்கம் பக்கத்து வயல் களிமண் எந்த டயரின் இடுக்கையும் அப்பிக்கொள்ளும். அங்கே டயரை விட, சீரான வேகத்தைக் கைவிடாத ஓட்டுநரே பெரியவர்.

அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். தாரில் 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ.; கீழ் வேரியன்டின் 245/75 ஆர்16 சுமார் 774 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பக்கச் சுவர் 166-லிருந்து 184 மி.மீ. ஆகிறது. கல்லில் ரிம் அடிபடாமல் காப்பது அந்தச் சுவர்தான். கம்பெனியே வேறு வேரியன்டில் கொடுக்கும் அளவு என்பதால் இது பாதுகாப்பான முதல் மாற்றம். ஜிம்னியின் 195/80 ஆர்15-க்கு 215/75 ஆர்15 போட்டால் விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடும். எதுவானாலும் மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாற வேண்டாம், லோடு எண் குறையவே கூடாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 6: வயிற்றுக்குக் கவசம்

படி 2-ல் எழுதிய குறிப்பை எடுங்கள். அடியில் தட்டியிருந்தால், தட்டிய இடத்துக்கு மட்டும் ஸ்கிட் பிளேட் போடுங்கள்: ஆயில் சம்ப், டிரான்ஸ்ஃபர் கேஸ், பெட்ரோல் அல்லது டீசல் டேங்க். கீழே தொங்கும் ஏறுபடி கல்லில் மடங்கிக் கதவையே திறக்க விடாமல் செய்யும். அதைக் கழற்றிவிட்டு, சட்டத்தோடு போல்ட் செய்யும் ஸ்லைடரைப் பிறகு யோசிக்கலாம். ஆயில் மாற்றும் துளை பிளேட்டில் இருக்கிறதா, சேறு வடிய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: தண்ணீர். முடிச்சூர்காரருக்குத் தனிப் பாடம்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளத்தை மூழ்கடித்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதியில் தண்ணீர் நின்றது. ஆகவே இங்கே பலரும் முதலில் கேட்பது ஸ்நார்க்கெல்தான்.

ஸ்நார்க்கெல் காற்று எடுக்கும் வாயை மட்டும்தான் உயர்த்தும். வயரிங், ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். தாருக்குக் கம்பெனி சொல்லும் அளவு 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700. இரண்டடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம்தான். ஸ்நார்க்கெல் மாட்டினாலும் அந்த அளவு கூடாது.

ஸ்நார்க்கெலுக்கு முன் செய்ய வேண்டியது, டிஃபரன்ஷியல் மூச்சு விடும் துளையான பிரீதருக்குக் குழாய் போடுவது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது பிரீதர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். பிரீதர்களிலிருந்து ரப்பர் குழாய் போட்டு என்ஜின் பெட்டியின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். செலவு சொற்பம், காக்கும் பாகம் விலை உயர்ந்தது. தண்ணீரில் இறங்கி வந்த வாரமே ஆயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

தண்ணீரில் இறங்கும் ஒழுங்கு இது. முதலில் ஒருவர் கம்போடு நடந்து பார்க்க வேண்டும்; மழைநீர் வடிகாலும் மூடியில்லாத மேன்ஹோலும் மேலிருந்து தெரியாது. நடக்க முடியாத இடத்தில் வண்டியும் போகக் கூடாது. ஓடும் தண்ணீர் என்றால் முழங்கால் ஆழம்கூட வண்டியைத் தள்ளிவிடும். லோ கியரில், நடக்கும் வேகத்தில், நிறுத்தாமல் போங்கள். வேகமாகப் போனால் எழும் அலை பக்கத்து வீட்டு வாசற்படி ஏறும். பெரிய வண்டி வைத்திருப்பவர் தெருவுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இது.

நடுவில் என்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியேற்றி, டோ வண்டியில் ஏற்றுங்கள். சாதாரண பாலிசியில் இந்தச் சேதம் பெரும்பாலும் அடங்காது. என்ஜின் ப்ரொடெக்ஷன் ஆட்-ஆனை மழைக்காலம் தொடங்கும் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: தள்ளிப்போட வேண்டியவை

- லிஃப்ட் கிட்: உயரம் கூடினால் கவிழும் அபாயம் கூடும், ஸ்டியரிங் கோணமும் ஷாஃப்ட் கோணமும் மாறும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் கணக்கும் தப்பும். சட்டச் சிக்கல் தனி. தேய்ந்த ஷாக் அப்சார்பரை நல்லதாக மாற்றினாலே பாதிக் குறை தீரும்.
- வின்ச்: வண்டியின் முழுச் சுமை எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும், ஜிம்னி போன்ற இலகு வண்டியின் மூக்கில் அப்படிப்பட்ட வின்சின் பாரம் தெரியும். தனியாகத் தொலைதூரம் போகிறவருக்கே தேவை.
- கூடுதல் விளக்குகள்: ஆர்.டி.ஓ. முன் அனுமதி இல்லாமல் முன்னால் ஸ்பாட் லைட் மாட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடமில்லை. எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும்.
- ரூஃப் கேரியர்: உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவில் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

படி 9: எங்கே ஓட்டக் கூடாது

வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஏரிக்குள்ளும் கரை மேலும் ஓட்டாதீர்கள். கரையில் டயர் போடும் பள்ளத்தில்தான் மழைக்காலத்தில் அரிப்பு தொடங்கும், அதன் விலையை நம் ஊரே கொடுக்கும். ஈ.சி.ஆர். கடற்கரை மணலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. உரிமையாளர் அனுமதித்த தனியார் நிலத்திலோ, பயிற்சியாளர் நடத்தும் களத்திலோ, குறைந்தது இரண்டு வண்டிகளாகப் போய்ப் பழகுங்கள்.

பணத்தையும் காலத்தையும் பிரிப்பது

கையில் இருப்பதை நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு பயிற்சிக்கும் மீட்புக் கருவிக்கும். இரண்டு பங்கு டயருக்கும் கம்ப்ரஸருக்கும். மிச்சம் ஒரு பங்கு அடிக் கவசம், பிரீதர், இன்ஷூரன்ஸ் ஆட்-ஆனுக்கு. ஜனவரியில் தொடங்கினால் கோடை முழுக்கப் பழகலாம், ஜூலைக்குள் டயர், செப்டம்பருக்குள் பிரீதரும் பாலிசியும் முடிந்துவிடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில், பழைய பாகம், போல்ட்டின் அளவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கழற்றிப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றமே முதல் வண்டிக்குச் சரியான மாற்றம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாட்டி, இரண்டு பயணம் போய்வந்த பிறகு அடுத்ததை முடிவு செய்யுங்கள். "இது இல்லாததால் எந்த இடத்தில் நின்றேன்?" என்ற கேள்விக்கு உங்கள் குறிப்பில் பதில் இல்லையென்றால், அந்தப் பொருளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.