வீட்டிலேயே தோல் பெல்ட்: கையால் செய்வோம், கூலியையும் எழுதுவோம்



எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும். "மேடம், ஊறுகாய் போட்டோம், அப்பளம் போட்டோம், பினாயிலும் போட்டோம். பக்கத்து ஊர் குழுவும் அதையேதான் போடுது. வேற ஏதாவது சொல்லுங்க." அதனால் இந்த இதழில் வேறு ஒன்று சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து, மெஷின் இல்லாமல், கையாலேயே தோல் பெல்ட் செய்வது.

நம் பகுதிக்குத் தோல் புதுசு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் தோலால் பேர் வாங்கிய ஊர்கள். நம் உறுப்பினர்களில் பலர் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கி வந்து தைத்துக் கொடுத்தவர்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜெண்ட் கொடுத்ததை வாங்கினோம். அந்த ஷூ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டதில்லை. பெல்ட்டில் அப்படி இல்லை. தோல் வாங்குவதில் இருந்து விலை சொல்வது வரை நம் கையிலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு குழுவில் இதைப் பேசியபோது முதலில் வந்தது உற்சாகம் இல்லை. அமைதிதான். பிறகு ஒரு அக்கா மெதுவாக, "செருப்பு தைக்கிற வேலையா மேடம்? எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அவர் காலில் தோல் செருப்பு, அவர் வீட்டுக்காரர் இடுப்பில் தோல் பெல்ட். போட்டுக்கொள்ளலாம், செய்யக்கூடாது! இந்த வேலையோடு சாதியை ஒட்டிவைத்துப் பழகிவிட்டோம், வேறென்ன சொல்ல.

அடுத்த பிரச்சினை, யார் கற்றுத் தருவது? அதே குழுவில் ஒரு உறுப்பினரின் அப்பா பஸ் நிறுத்தத்து மரத்தடியில் செருப்பு தைக்கிறவர். நாற்பது வருஷத்துக்கு மேல் குத்தூசி பிடித்த கை. அவரைக் கூப்பிடலாம் என்றேன். "அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதும்" என்றார் ஒருவர். தையல் பயிற்சிக்கு வந்த டீச்சருக்கு நாள் சம்பளம், பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு எல்லாம் கொடுத்தது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டி, "இவருக்கு மட்டும் ஏன் டீ?" என்று கேட்டவர் அந்தப் பெரியவரின் மகள்தான். அதுவரை கூட்டத்தில் அவர் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் டீச்சருக்குக் கொடுத்த அதே தொகை என்று தீர்மானம் எழுதினோம். மூன்று நாள் பயிற்சி. பெரியவர் நாற்காலியில் உட்கார முதலில் கூச்சப்பட்டார். இரண்டாம் நாள், "ஐயா, என் தையலைப் பாருங்க" என்று ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க என்ற அக்கா வந்தாரா என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் வந்தார். பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

எந்தத் தோல் வாங்குவது?

தோல் பதனிடுவதில் முக்கியமாக இரண்டு வகை. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை போன்றவற்றால் பதனிடுவது ஒன்று. குரோமிய உப்பால் பதனிடுவது இன்னொன்று. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஷூவுக்கும் கைப்பைக்கும் நல்லது. நம் கைவேலை பெல்ட்டுக்குப் பட்டையில் பதனிட்ட எருமைத் தோல்தான் தோது. கெட்டியாக நிற்கும். லேசாக ஈரம் பண்ணித் தேய்த்தால் ஓரம் வழவழப்பாகும். குரோம் தோலில் அப்படி வராது.

கடையில் "3 முதல் 3.5 மில்லி மீட்டர் கனம்" என்று கேளுங்கள். முதுகுப் பக்கத்துத் தோலாகக் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் விலை குறைவாக இருக்கும், ஆனால் இழுபடும். ஆறு மாதத்தில் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். சென்னை பெரியமேட்டில் தோலும் பக்கிளும் மொத்த விலைக்குக் கிடைக்கின்றன. தனியாக ஒருவர் போய் ஒரு துண்டு வாங்குவதைவிட நான்கைந்து குழுக்கள் சேர்ந்து ஒரே தடவையில் வாங்கினால் பஸ் கட்டணமாவது மிச்சம்.

ரெக்சினைத் தோல் என்று விற்பவர்களும் உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் உள்ளே நார் நாராக இருக்கும். துணி மேல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் ஓரத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தோல் தூளை அரைத்துத் தகடாக ஒட்டியதும் வருகிறது. அதை மடக்கி மடக்கிப் பார்த்தால் மேல்பூச்சு வெடிக்கும். கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். குரோம் தோலை எரித்தால் அந்தக் குரோமியம் விஷமாக மாறக்கூடும். வெட்டிய துண்டுகளையும் அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்காதீர்கள்.

அளவு: இங்கேதான் நான் தப்பு பண்ணினேன்

பேன்ட் சைஸ் 34 என்றால் பெல்ட்டும் 34 இஞ்ச், அதோடு நுனிக்கு 5 இஞ்ச் சேர்த்தால் போதும் என்று பயிற்சியில் நான்தான் சொன்னேன். பெரியவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். பத்துப் பட்டை வெட்டிவிட்டோம். பக்கிளுக்கு மடிக்க இடம் விடவில்லை என்று அவர் திரும்பி வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. பத்தும் குட்டை. பிறகு அதைச் சாவிக்கொத்துக்கும் பைக் கைப்பிடிக்கும் வெட்டினோம். நஷ்டத்தில் பாதிதான் தேறியது.

சரியான முறை இது. போடப்போகிறவரின் பழைய பெல்ட்டை வாங்குங்கள். பக்கிளில் தோல் மடியும் இடத்தில் இருந்து, அவர் வழக்கமாக மாட்டும் ஓட்டை வரை இஞ்ச் டேப்பால் அளங்கள். அது 34 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். பக்கிள் பக்கம் மடிக்க 3 இஞ்ச். அந்த ஓட்டையைத் தாண்டி நுனி வரை 7 இஞ்ச். மொத்தம் 44 இஞ்ச். பழைய பெல்ட்டில் இருந்த அதே அளவு பக்கிளாகப் பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அளவு மாறிவிடும்.

அகலம் பக்கிளைப் பொறுத்தது. 40 மில்லி மீட்டர் பக்கிளுக்கு 38 மில்லி மீட்டர் பட்டை, அதாவது ஒன்றரை இஞ்ச். பக்கிளை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

வெட்டுவதும் ஓட்டை போடுவதும்

நீளமான இரும்பு ஸ்கேல் வைத்து முதலில் தோலின் ஒரு ஓரத்தை நேராக்குங்கள். அதற்குப் பிறகுதான் பட்டை. கத்தியை ஒரே அழுத்தில் இறக்காமல், மூன்று தடவை லேசாக ஓட்டினால் கோணாமல் வரும். புதுப் பிளேடு போடுங்கள். மழுங்கின பிளேடுதான் கையை வெட்டும். நுனியை வளைவாக்க ஒரு டப்பா மூடியை வைத்துக் கோடு போட்டால் போதும்.

பக்கிள் பக்கத்து முனையில் இருந்து 3 இஞ்சில் ஒரு குறி. அந்தக் குறி நடுவில் வரும்படி 1 இஞ்ச் நீளத்துக்கு ஒரு பிளவு வேண்டும், பக்கிளின் முள் அதில்தான் ஆடும். இரண்டு முனையிலும் பஞ்ச் வைத்து வட்ட ஓட்டை போட்டு, நடுவைக் கத்தியால் வெட்டிவிடுங்கள். வெறும் கத்தியால் கீறினால் நாள்பட அந்த முனையில் கிழியும். மடிகிற 3 இஞ்சையும் உள்பக்கமாகச் சீவிப் பாதிக் கனமாக்குங்கள். சீவாமல் மடித்தால் அந்த இடம் தடியாக எழும்பி வயிற்றில் குத்தும்.

மடிப்புக் குறியில் இருந்து 34 இஞ்சில் நடு ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒவ்வொரு இஞ்ச் இடைவெளியில். அடியில் மரக்கட்டை வைத்து, பஞ்சைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் அடித்தால் பஞ்சின் தலை சிதைந்துவிடும்.

ஓரமும் தையலும்

கடைக்காரர் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். ஓரத்து முனைகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டுங்கள். சாயம் போடுவதானால் இப்போதே போட்டுக் காயவிடுங்கள். பிறகு ஓரத்தைத் தண்ணீரில் லேசாக ஈரமாக்கி, கெட்டியான கித்தான் துணியால் சூடு ஏறும் வரை தேய்க்க வேண்டும். கை வலிக்கும்தான். ஆனால் கண்ணாடி மாதிரி மின்னும்.

பக்கிளை மாட்டி மடித்து, மடிப்புக்குள் ஒரு வளையமும் சேர்த்துத் தைக்க வேண்டும். வளையத்துக்கு அரை இஞ்ச் அகலப் பட்டையை இரண்டு அடுக்குப் பெல்ட்டின் மேல் சுற்றிப் பார்த்து வெட்டுங்கள். நூல், மெழுகு தேய்த்த பாலியஸ்டர் நூல். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுத்து, இரண்டு நுனியிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். குத்தூசியால் இஞ்சுக்கு ஆறு துளை. ஒவ்வொரு துளையிலும் அந்தப் பக்க ஊசி இந்தப் பக்கமும், இந்தப் பக்க ஊசி அந்தப் பக்கமும் வர வேண்டும். மெஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் தையல் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள், விலை கேட்கத் தைரியம் வரும். ஷூ தைத்துப் பழகிய சகோதரிகளுக்கு இந்தத் தையல் ஒரு மணி நேரத்தில் கை வந்துவிட்டது.

கடைசியாகத் துணியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தொட்டு மெல்லியதாகத் துடைத்துவிடுங்கள். நிறையப் போட்டால் சட்டையில் கறை ஆகும்.

பசையாக சொல்யூஷன் வைத்து ஒட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தூரமாக உட்காருங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும். டப்பா குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

கணக்கு

இதில் வரும் விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். 44 இஞ்ச் நீளம், ஒன்றரை இஞ்ச் அகலம் என்றால் 66 சதுர இஞ்ச். ஒரு சதுர அடி என்பது 144 சதுர இஞ்ச். சேதாரம் சேர்த்து 0.6 சதுர அடி என்று வைப்போம். சதுர அடி 150 ரூபாய் என்றால் தோல் 90 ரூபாய். பக்கிள் 40. நூல், மெழுகு, சாயம், எண்ணெய் 15. கருவித் தேய்மானம் 5. போக்குவரத்து 20. ஆக 170 ரூபாய்.

ஒரு குழுவில் இதோடு கணக்கை முடித்துவிட்டார்கள். வியாபாரி வந்து 200 ரூபாய்க்குக் கேட்டதும் "பெல்ட்டுக்கு 30 ரூபாய் லாபம்" என்று சந்தோஷமாகக் கொடுக்கத் தயாரானார்கள். ஒரு பெல்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டேன். இரண்டு மணி நேரம். அப்படியானால் மணிக்கு 15 ரூபாய். "களை எடுக்கப் போனாக்கூட அதிகம் கிடைக்குமே" என்று அவர்களே சொன்னார்கள். மணிக்கு 50 ரூபாய் என்று கூலி போட்டால் 100. அடக்கம் 270. குழுவுக்கு 30 சேர்த்து 300 ரூபாய். அதற்குக் கீழே கேட்கிற வியாபாரியிடம் கணக்குத் தாளைக் காட்டுங்கள். அவர் போய்விட்டாலும் பரவாயில்லை. பள்ளி வாத்தியார்கள், பஸ் டிரைவர்கள், மாவட்டத் தலைநகரில் பூமாலை வளாகக் கடை என்று வேறு இடம் பாருங்கள். பெல்ட் அழுகிப்போகிற சரக்கு இல்லை. காத்திருக்கலாம்.

சுழல் நிதியில் எடுத்து எடுத்த எடுப்பில் ஐம்பது பெல்ட்டுக்குத் தோல் வாங்க வேண்டாம். முதலில் ஐந்து செய்து, நம் வீட்டு ஆண்களுக்கே மாட்டிவிட்டு மூன்று மாதம் பாருங்கள். எங்கே இழுபடுகிறது, எந்தத் தையல் தேய்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

விருப்பம் உள்ள குழுக்கள் தீர்மானம் எழுதி, பயிற்சியாளர் சம்பளத்தையும் அதில் குறித்து, ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். வரும்போது ஆளுக்கு ஒரு பழைய பெல்ட், ஒரு இஞ்ச் டேப் கொண்டுவாருங்கள். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.