மூணு நூலா, பத்து எம்.எம்மா?



மரக்காணம் உப்பளத்தில் நம் குழு ஒன்று கடன் எடுத்து டீசல் இன்ஜினும் பம்பும் வாங்கியது. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு இன்ஜின் ஓடுது, தண்ணி ஏறலை. வெயில் நல்லா அடிக்கிற நேரம், பாத்தி காய்ந்து கிடந்தது. குழாயில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்பதால் எல்லோரும் இன்ஜினைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் பம்புக்குத் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் இடைவெளி விட்டால் தண்ணீர் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். பம்பு வாயில் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டில் ஒரு நட்டு வழுக்கியிருந்தது. துருப்பிடித்ததைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்ட நட்டு அது. நாலு நாள் உப்பு போச்சு, அந்த மாதத் தவணையும் இழுத்தது.

புது நட்டு ஏன் வழுக்கியது? நம் மேஸ்திரிகள் ஒரு அங்குலத்தை எட்டு நூலாகச் சொல்வார்கள். மூணு நூல் போல்ட் என்றால் சுமார் 9.5 எம்.எம். அதன் மரையில் அங்குலத்துக்கு 16 சுற்று. கடையில் கொடுத்ததோ 10 எம்.எம். நட்டு, அதில் ஒரு சுற்றுக்கு 1.5 எம்.எம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் ஆபத்து. கையால் திருகினாலே ஏறிவிடும், முறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், இன்ஜின் அதிர அதிர மரை தேய்ந்துவிடும். மரை கழண்டதுன்னு கேலிக்குச் சொல்வோமே, அது நிஜமாகவே நடக்கும்.

அங்குல மரைக்கு முதலில் ஒரே அளவு வகுத்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், 1841-ல். நம் நாட்டில் 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது. புது போல்ட்டுகள் எம்.எம்முக்கு மாறின. பழைய இயந்திரங்கள் மாறுமா? அதனால் ஒரே பட்டறையில் இரண்டும் கிடக்கின்றன.

குழாய் மரை மட்டும் அந்த ஆங்கிலேய அளவிலேயே நின்றுவிட்டது. ஆனால் அரை அங்குலக் குழாயின் மரையை ஸ்கேலில் அளந்தால் சுமார் 21 எம்.எம். இருக்கும், முக்கால் அங்குலத்துக்கும் மேலே! பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர் அது. பில்லில் 15 எம்.எம். ஜி.ஐ. என்று எழுதினாலும் அதே குழாய்தான். பி.வி.சி. பைப்புக்கோ வெளி அளவுதான் கணக்கு. நாம் 2 இஞ்ச் என்று கேட்டால் 63 எம்.எம். பைப்பை எடுத்துக் கொடுப்பார்கள். 2 இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வெளி அளவு 60 எம்.எம். சொச்சம். இரண்டையும் நேராகச் சேர்க்க முடியாது, நடுவில் மரை வைத்த அடாப்டர் வேண்டும்.

அமெரிக்க மரை வைத்த பொருளும் சில நேரம் வந்து சேரும். அரை அங்குலத்தில் நம்முடையதுக்கும் அதற்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான். ஆனால் மரையின் கோணம் நம்முடையதில் 55 டிகிரி, அதில் 60. உள்ளே ஏறும், ஒழுகும். எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் அந்த ஒழுகல் நிரந்தரமாக நிற்காது.

கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டையும் நட்டையும் ஜோடியாகவே எடுத்துப் போங்கள். மண்ணெண்ணெய் தொட்டு உப்பையும் துருவையும் துடைத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று கடைக்காரர் சொன்னால், அங்கேயே புது நட்டை அந்தப் போல்ட்டில் கையால் திருகிப் பாருங்கள். கடைசிச் சுற்று வரை ஆடாமல், சிக்காமல் ஏறணும்.