இரும்பு லேத்தில் மரக் கைப்பிடி

கோவையில் கடைசல் பட்டறைகள் நிறைய உண்டு. லேத் பட்டறை என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு சிறிய பட்டறை. வேலை பழகும் தம்பி அங்கே ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். அரத்துக்குக் கைப்பிடி இல்லை. அரம் வழுக்கியது. அதன் கூரான வால் உள்ளங்கையில் குத்திவிட்டது.

பட்டறைக்காரர் காயத்தைக் கழுவிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தார்.

“கைப்பிடி போடாமல் விட்டது என் தப்புப்பா. நாளைக்கே கடைந்துவிடலாம்” என்றார்.

“அண்ணே, இது இரும்பு கடைகிற லேத் ஆச்சே?”

“மரமும் கடையலாம். ஆனால் முறை வேறு. நீ தள்ளி நின்று பார். கைக்கட்டின் துணி மிஷினில் சிக்கினால் கையையே இழுத்துவிடும்.”

மறுநாள் காய்ந்த கருவேலங் கட்டை ஒன்றை எடுத்தார். விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈர மரம் உதவாது. பிறகு சுருங்கிப் பூண் கழன்றுவிடும். மூலைகளை இழைப்புளியால் இழைத்து உருட்டினார். மூன்று தாடை உள்ள சக்கு சதுரக் கட்டையைச் சரியாகப் பிடிக்காது. அதிகம் இறுக்கினால் மரம் நசுங்கும். தளர்ந்தால் கட்டை பறக்கும். அதனால் மறுமுனைக்கு டெயில் ஸ்டாக்கை முட்டுக் கொடுத்தார். சக்குச் சாவியைக் கையோடு கழற்றினார். அதை மறந்து சுவிட்சைப் போட்டால் சாவி குண்டு போலப் பாயும்.

40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புக்கு நிமிடத்துக்கு 200 சுற்று போதும். அதே அளவு மரத்துக்கு 1000 சுற்றாவது வேண்டும். முதலில் மெதுவாக ஓடவிட்டு, கட்டை ஆடவில்லை என்று தெரிந்த பிறகே வேகத்தைக் கூட்டினார். டூல் நல்ல கூராக இருந்தது. மழுங்கிய டூல் மரத்தை நார் நாராகப் பிய்க்கும்.

“கையுறை போடவில்லையா, அண்ணே?”

“சுழலும் மிஷினில் கையுறையே எமன். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. அது போதும். துணியின் முனை தொங்கக் கூடாது.”

முனையில் பூண் மாட்ட இடம் விட்டுக் கடைந்தார். நடுவில் துளையும் போட்டார். பூண் என்பது உலக்கையில் இருக்குமே, அதே போன்ற வளையம்தான். வால் இறங்கும்போது மரம் பிளக்காமல் காக்கும். முந்தின நாளே இரும்புக் குழாயில் வெட்டி வைத்திருந்தார். அதற்குக் காரணம் உண்டு. இரும்பு வெட்டும்போது சூடான பிசிறு தெறிக்கும். அது மரத்தூளில் விழுந்தால் தீப்பிடிக்கும். அன்று சாணைக்கல்லையும் ஓட்டவில்லை.

மரத்தூளில் இன்னொரு தொல்லை. லேத்தின் எண்ணெயை உறிஞ்சிவிடும். ஈரத்தையும் இழுக்கும். அப்படியே விட்டால் லேத்தில் துரு ஏறும். அதனால் லேத்தை நிறுத்திவிட்டு, தூளைப் பிரஷ்ஷால் தள்ளி, துடைத்து, புது எண்ணெய் தடவினார். கடைந்த நேரத்தைவிடத் துடைத்த நேரம் அதிகம்!

பூணை மாட்டி, அரத்தின் வாலைத் துளையில் இறக்கித் தட்டினார். பிடி அசையவில்லை.

“இன்னும் ஐந்து அரம் மொட்டையாக இருக்கே, அண்ணே?”

“உன் கை குணமாகட்டும். அதையெல்லாம் நீயே கடை.”